ஆடாமல் விடைபெற்ற அணி

உதைபந்துப் போட்டிக் கமிட்டிக்குப் பல வருஷம் காரியதரிசியாக இருந்த நான், என் ஆயுளில் ஒரே ஒரு தடவைதான் பந்தை உதைத்திருக்கிறேன். அன்று பந்து இருந்த இடத்திலேயே இருந்தது. என் செருப்பு மட்டும் பறந்துபோய்க் கோலுக்குள் விழுந்தது. கோல் காத்து நின்ற பையன் அதை மரியாதையாகக் கையில் ஏந்தி வந்து, "ஐயா, இதை எண்ணிக்கிடலாமா?" என்று கேட்டான். அதற்குப் பிறகு நான் பேனாவோடு நிறுத்திக்கொண்டேன். பேனா செருப்பைவிட ஆபத்தானது என்பது அப்போது எனக்குத் தெரியாது.

கமிட்டிக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிமாருக்கு ஏதாவது எழுதி வைத்துவிட்டுப் போகும்படி என்னைக் கேட்டிருக்கிறார்கள். மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போடுவது, கொடிக்கம்பு நடுவது, நாகர்கோவில் பையன்களுக்கு யார் வீட்டில் சாப்பாடு, மதுரைப் பையன்களுக்கு எந்தச் சத்திரத்தில் படுக்கை — இதெல்லாம் ஒரு வாரத்தில் உங்களுக்கு வந்துவிடும். அதை எழுதி மையை வீணாக்க மாட்டேன். ஒரு கமிட்டி எப்படித் தவறு செய்கிறது என்பதைத்தான் சொல்லப்போகிறேன். தனி மனிதன் செய்தால் அது தவறாகவே இருக்கும். கமிட்டி செய்தால் தீர்மானம் ஆகிவிடும்.

நான் காரியதரிசியான புதிதில் திருநெல்வேலிச் சீமை முழுக்கச் சுதேசிக் காய்ச்சல். நீங்கள் அப்போது சிலேட்டில் அகரம் எழுதிக்கொண்டிருந்திருப்பீர்கள். துணிந்தவர்கள் சீமைத் துணியை எரித்தார்கள். மிஷன் சம்பளம் வாங்கும் நான் துணியை எரித்தால் அடுப்பு எரியாது. ஆகவே சீமை வார்த்தைகளை எரிக்கத் தொடங்கினேன். அதற்குப் போலீஸ் வருவதில்லை.

எனக்கு இன்னோர் அரிப்பும் இருந்தது. நான் பாளையங்கோட்டைக் கிறிஸ்தவன். கல்லூரியில் புத்தகசாலைப் பொறுப்பு. ஆற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம், திருநெல்வேலி டவுனிலுள்ள சைவப் பிள்ளைமார் என்னோடு தமிழ் பேசும்போது, சிறுபிள்ளைக்குச் சோறு பிசைந்து கொடுப்பதுபோலப் பேசுவதாக எனக்கு ஓர் எண்ணம். வேதக்காரனுக்கு என்ன தமிழ் தெரியப்போகிறது என்று அவர்கள் நினைத்தார்களோ இல்லையோ, நினைப்பதாக நான் நினைத்தேன். அது போதும்.

ஆகவே போட்டி விதிகள், நோட்டீஸ்கள் எல்லாவற்றையும் தமிழில் ஆக்கினேன். கோல் 'இலக்கு' ஆயிற்று. கோல்கீப்பர் 'வாயில்காப்போன்' ஆனான். ஆஃப்சைடுக்கு 'அப்பாற்பட்ட நிலை' என்று எழுதினேன். அதை வாசித்த ஒரு மாணவன், "இது கடவுளைப் பத்தினதா ஐயா?" என்று கேட்டான். பொறாமை என்று வைத்துக்கொண்டேன்.

கடைசியில் 'பை' என்ற சொல் வந்தது. அந்த வருஷம் தெற்கத்திக் கல்லூரிகள் ஏழு, பெயர் கொடுத்திருந்தன. சீட்டுப் போட்டு எடுத்தால் மூன்று ஜோடி போக ஒன்று மிஞ்சும். மிஞ்சுகிற அணி முதல் சுற்றில் ஆட வேண்டியதில்லை. நேரே இரண்டாம் சுற்றுக்கு வந்து ஆடலாம். அந்தச் சலுகைக்கு இங்கிலீஷில் 'பை' என்று பெயர். அகராதியைப் புரட்டினேன். 'குட்பை' என்பதற்கு 'விடைபெறுதல்' என்று இருந்தது. 'குட்' என்பதைக் கழித்துவிட்டால் மிச்சம் விடைபெறுதல்தானே? அதோடு, முதல் சுற்றிலிருந்து விடுப்புப் பெறுகிற அணி. விடுப்புக்கும் விடைக்கும் எவ்வளவு தூரம்? கணக்கும் சரி, இலக்கணமும் சரி. அன்று நான் நன்றாகத் தூங்கினேன்.

சீட்டை ஒரு பித்தளைச் செம்பில் போட்டு எடுத்தோம். மிஞ்சியது மேற்கத்திக் கல்லூரி. சேரன்மகாதேவிக்கு மேற்கே இருந்த சின்னக் கல்லூரி அது, பி.ஏ.வுக்கு முந்திய எஃப்.ஏ. வகுப்புகள் மட்டும். பிறகு அதுவும் இல்லாமல் பள்ளிக்கூடமாகிவிட்டது. பையன்களுக்கு மைதானம் கிடையாது. அறுப்பு முடிந்த வயலில் ஆடுவார்கள். நாற்று நட்டுவிட்டால் அடுத்த அறுப்பு வரை ஆட்டம் நின்றுவிடும். போட்டிக்கு அவர்கள் பெயர் கொடுத்தது அதுதான் முதல் தடவை.

நான் எழுதிய நோட்டீஸைக் கமிட்டியில் வாசித்தார்கள். எங்கள் தலைவர், மிஷன் பள்ளியில் தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர், மெதுவாகப் பேசுகிறவர். ஓரிடத்தில் விரலை வைத்து நிறுத்தினார்.

"'மேற்கத்திக் கல்லூரி அணி முதற் சுற்றில் விடைபெற்றது.' இது என்ன தம்பி?"

"'பை' ஐயா. நல்ல தமிழில் போட்டிருக்கேன்."

பொக்கிஷதார், டவுன் பிள்ளை ஒருவர். எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. வாயிலிருந்த வெற்றிலையை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கினார். "விடைன்னா காளை மாடுல்லா வே! சிவபெருமான் ஏறி வாராரே, அது. உம்ம ஆட்டத்துக்குள்ள மாடு எங்கன வந்துது?"

கமிட்டியே சிரித்தது. தலைவர் ஐயா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்கும்படி ஆயிற்று.

"அண்ணாச்சி, அந்தச் சொல்லுக்கு வேற பொருளும் உண்டு. நாங்களும் நிகண்டு பாத்திருக்கோம்" என்றேன்.

"பாத்திருப்பீரு வே, யாரு இல்லன்னா? மாட்ட மட்டும் கட்டிப் போடும்."

மறுபடி சிரிப்பு. நோட்டீஸ் நிறைவேறியது.

தம்பிமாரே, ஒரு விஷயத்தைப் பார்த்துக் கமிட்டி முழுவதும் சிரித்துவிட்டால், அதைக் கமிட்டி முழுவதும் பார்த்துவிட்டதாக ஒரு பிரமை உண்டாகிவிடும். அன்று ஒருவரும் சிரிக்காமல் இருந்திருந்தால் யாராவது ஒருவர், "விடைபெற்றது என்றால் வெளியே போய்விட்டது என்று அர்த்தமாகாதா?" என்று கேட்டிருப்பார். மாடு குறுக்கே வந்துவிட்டது.

முதல் சுற்று முடிந்தது. சனிக்கிழமை இரண்டாம் சுற்று. மேற்கத்திக் கல்லூரிக்கு எதிரி, பாலத்துக்கு அந்தப் பக்கத்து டவுன் கல்லூரி. பாளையங்கோட்டை மைதானத்தைச் சுற்றிலும் ஜனங்கள் நின்றார்கள். டவுன் பையன்கள் வந்து வரிசையாக நின்றார்கள். மேற்கிலிருந்து வரும் ரயில் வந்து வெகுநேரமாகியும் மேற்கத்திப் பையன்களைக் காணோம். விதிப்படி கால் மணி காத்திருந்தோம். நடுவராக நின்ற துரை கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

நான் ஒரு நாற்காலிமேல் ஏறினேன். கூட்டத்தைக் கண்டால் எனக்கு நாக்கு துருதுருக்கும். "கனவான்களே! சேர்மாதேவி வண்டி வந்துவிட்டது. சேர்மாதேவி வீரர்கள்தான் இன்னும் வேட்டி கட்டிக்கொண்டிருக்கிறார்கள் போலும்!" என்றேன். கூட்டம் கைகொட்டிச் சிரித்தது. டவுன் கல்லூரி ஆடாமலே வென்றதாக அறிவித்துவிட்டு இறங்கினேன். நாற்காலியிலிருந்து இறங்கும்போது என்னைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இருந்தது.

திங்கட்கிழமை காலையில் புத்தகசாலை வாசலில் ஒருவர் வந்து நின்றார். முழங்கால்வரை புழுதி, கையில் குடை. மேற்கத்திக் கல்லூரிச் சித்திர வாத்தியார் என்று சொல்லிக்கொண்டார். பந்தாட்டத்தையும் அங்கே அவர்தான் பார்த்துக்கொள்கிறாராம். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"குறை சொல்ல வரல ஐயா. எங்க பையனுவ என்ன தப்புப் பண்ணினானுவன்னு ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போயிரலாம்னு வந்தேன்."

"தப்பா? சனிக்கிழமை நீங்க ஏன் வரலைன்னு நானில்லா கேக்கணும்!"

அவர் குழம்பிப்போனார். "எதுக்கு வரணும்? ஆட்டம் பாக்கவா?"

"ஆடுததுக்கு!"

"அதான் ஆட விடாமலே அனுப்பிட்டியளே ஐயா. விடைபெற்றதுன்னு அச்சடிச்சு." அவர் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "ஆடித் தோத்தா பையனுவ தாங்கிக்கிடுவானுவ. வயக்காட்டுல ஆடுத பயலுவ, இவனுவளுக்கு என்ன ஆட்டம்னு நெனைச்சுட்டாவளோன்னு அழுதானுவ ஐயா. அதான் எனக்கு மனசு கேக்கல."

நோட்டீஸை எடுத்து மறுபடி பார்த்தேன். நோட்டீஸின் கீழே சனிக்கிழமை, மணி, மைதானம் எல்லாம் இருந்தன. விடைகொடுத்து அனுப்பிவிட்டார்கள் என்று தெரிந்தபிறகு எவன் கீழே வாசிப்பான்? 'பை' என்று இங்கிலீஷிலேயே விட்டிருந்தால் அவர்களுக்குப் புரிந்திராது; யாரிடமாவது கேட்டிருப்பார்கள். நான் எழுதியது புரிந்துவிட்டது. புரிந்த வார்த்தைக்கு யார் போய் விளக்கம் கேட்பார்கள்?

தட்டுத்தடுமாறி விஷயத்தைச் சொன்னேன். அவர் குடையைச் சுவரில் சாய்த்தார். அது வழுக்கி விழுந்தது. எடுக்கவில்லை.

"அப்ப நாங்க வெளிய போகலையா?"

"இல்ல."

"ஐயோ, ஆசீர்வாதம்!" என்றார்.

ஆசீர்வாதம் என்பது அணியின் காப்டன். கிராமத்துச் சபையில் ஜெபம் நடத்தும் உபதேசியார் மகன். அவனுடைய மாமா இலங்கையில், கண்டிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் கணக்கப்பிள்ளை. பையனை அனுப்பு, கணக்கு எழுதத் தெரிந்தால் போதும், பரீட்சை எதற்கு என்று சொல்லிச் சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தார். பையனுக்குப் போக மனமில்லை, பி.ஏ. படிக்க ஆசை. நல்ல ஆட்டக்காரப் பையன்களுக்குப் பாளையங்கோட்டைக் கல்லூரி ஒன்று பி.ஏ. வகுப்பில் இடமும் விடுதியில் சாப்பாடும் கொடுத்து வந்தது உங்களுக்குத் தெரியும். "போட்டிக்கு வரட்டும், ஆட்டத்தைப் பார்த்துச் சொல்கிறேன்" என்று அந்தக் கல்லூரியில் ஒருவர் வாக்குக் கொடுத்திருந்தார். சரி, போட்டி வரைக்கும் இருக்கட்டும் என்று தகப்பனாரும் பொறுத்திருந்தார்.

"நோட்டீஸ் வந்த அன்னைக்கு ஒண்ணும் பேசல ஐயா. மறுநா காலையில அவுக அப்பாகிட்டப் போயி, நான் மாமாகிட்டப் போறேன்னு சொல்லிட்டான். இன்னைக்கு சாயங்கால வண்டி. நாளைக்குத் தூத்துக்குடியில கப்பல்."

"இப்ப எங்க இருக்கான்?"

"ஊர்லதான். மத்தியானத்துக்கு மேல வேதக்கோயில்ல ஜெபம் பண்ணி அனுப்புதாவ." வாத்தியார் குடையை எடுத்தார். "இப்ப ஒரு வண்டி மேக்க போகுது ஐயா. வாறியளா? நீங்க வந்து ஒரு வார்த்தை சொன்னாப் போதும். நின்னுருவான்."

இந்த இடத்தைக் கவனித்து வாசியுங்கள். கையில் நேரம் இருந்தது. ரயில் இருந்தது. கூட்டிப்போக ஆள் இருந்தார். நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"கையில தீர்மானம் இல்லாமப் போய் அவுக அப்பாகிட்ட என்ன சொல்ல? கொஞ்சம் பொறுங்க. கமிட்டியைக் கூட்டிருதேன்."

காரியதரிசிக்கு இது அழகான பதில். இன்றைக்கும் எந்தக் காரியதரிசியைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வான்.

தலைவர் ஐயா வீட்டில் கமிட்டி கூடியது. வாத்தியார் வெளியே வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். டவுன் கல்லூரியின் சார்பில் ஒரு வக்கீல் வந்தார். அவர் ஏதாவது தடை சொல்வார் என்று நான் பயந்திருந்தேன். அவர் உட்காரும்போதே, "ஆடாம ஜெயிச்சது எங்க பையங்களுக்கே பிடிக்கல. மறுபடி ஆட்டம் வைங்க, வாறோம்" என்றுவிட்டார். தலைவருக்குச் சம்மதம். அண்ணாச்சிக்குச் சம்மதம். வெற்றிலை மடிக்கிற நேரத்துக்குள் காரியம் முடிந்துவிட்டது.

பிறகு அதை எழுத ஆரம்பித்தோம்.

வக்கீல் வாசகம் சொன்னார்: "'காரியதரிசி பிழையான சொல்லைக் கையாண்டதன் காரணமாக...'"

"பிழையான சொல் இல்ல" என்றேன்.

"பின்ன?"

"பொருத்தமான சொல்தான். புரிஞ்சுக்கிட்டதுலதான் பிசகு."

"அப்ப மேற்கத்திக் கல்லூரி மேல குத்தம்னு எழுதவா?"

"அப்படியும் வேண்டாம். 'இருபொருள்படும் சொல்லால்'னு போடுங்க."

அண்ணாச்சி கொட்டாவி விட்டார். "மூணு பொருள் வே. மாடு இன்னும் வெளிய நிக்கி."

எனக்குச் சுரீர் என்றது. அகராதியை எடுத்துவர ஆள் அனுப்பினேன். ஆம், தம்பிமாரே, ஒரு பையன் கடல் தாண்டப் பெட்டி கட்டிக்கொண்டிருக்கும்போது நான் புத்தகசாலைக்கு அகராதிக்கு ஆள் அனுப்பினேன். அது வந்தது. பக்கத்தைப் புரட்டி, விடை என்றால் விடுப்பு, அனுமதி என்று சத்தமாக வாசித்தேன். "அனுமதின்னா உள்ள விடுததா, வெளிய விடுததா?" என்று வக்கீல் கேட்டார். அவருக்குக் குறுக்கு விசாரணை கைவந்த கலை. அவருக்குப் பதில் சொன்னேன். பதிலுக்கு அவர் ஒன்று சொன்னார். நடுவே யாரோ எச்சில் துப்ப வெளியே போனபோது வாத்தியார் எழுந்து நின்று, "எழுதியாச்சா ஐயா?" என்று கேட்டது காதில் விழுந்தது. "ஆயிட்டிருக்கு" என்று பதில் போயிற்று. சற்றுக் கழித்து இன்னொரு தடவையும் கேட்டார்.

கடைசியில் தலைவர் ஐயா கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "தம்பி, அந்தப் பையனுக்கு எத்தனை மணிக்கு வண்டி?" என்றார்.

வெளியே வெயில் சாய்ந்துவிட்டிருந்தது. தலைவர் ஐயா தாளைத் தம் பக்கம் இழுத்து, மூன்றே வரி எழுதி, கையெழுத்துப் போட்டு என்னிடம் நீட்டினார். "ஓடும்" என்றார். அவர் யாரையும் அப்படி விரட்டி நான் கேட்டதில்லை.

மேற்கே போய்ப் பயனில்லை. அவன் ஏறி வரும் தூத்துக்குடி வண்டி பாலத்து ஸ்டேஷனில் நின்று போகும். வாத்தியாரும் நானும் ஜட்கா பிடித்தோம். பாலத்தின்மேல் எதிரே வைக்கோல் வண்டிகள் வரிசையாக வந்தன. வண்டிக்காரன், "ஏலே, ஒதுங்குங்கலே! பைய வாறீயளே, ஆத்தையே அடைச்சுட்டியளே!" என்று கத்தினான். கீழே ஆறு நிதானமாகப் போய்க்கொண்டிருந்தது.

ஸ்டேஷனில் ரயில் நின்றுகொண்டிருந்தது. மூன்றாம் வகுப்பு ஜன்னல் ஒன்றில் வாத்தியார் அவனைக் கண்டுபிடித்தார். மெலிந்த பையன். புதுக் கோட்டு; கை கொஞ்சம் நீளம். பக்கத்தில் உபதேசியார், மடியில் தகரப் பெட்டி. அவனை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

எனக்கு மூச்சு வாங்கியது. வாத்தியார்தான் சொன்னார். "ஏலே ஆசீர்வாதம், நம்மள வெளிய அனுப்பலையாம்லே. 'பை'யாம். முதல் சுத்து ஆடாமலே ரெண்டாம் சுத்துக்குப் போகுததாம். மறுபடி ஆட்டம் வைக்காவ. இறங்குலே!"

பையன் என்னைப் பார்த்தான். "'பை'க்கா ஐயா விடைன்னு போட்டிய?"

"ஆமா தம்பி."

அவன் சிரித்தான். குத்தலாக அல்ல, நல்ல வேடிக்கை ஒன்றைக் கேட்டவன் சிரிக்கிற சிரிப்பு. பாதியில் நிறுத்திவிட்டுத் தகப்பனாரைப் பார்த்தான்.

உபதேசியார் எழுந்து நின்று, கைகூப்பி எனக்குத் தோத்திரம் சொன்னார். "நீங்களும் நம்ம சபைக்காரர். உங்களுக்குத் தெரியாதது இல்ல. மத்தியானம் சபையே எழுந்து நின்னு, இவன் தலையில கை வச்சு ஜெபம் பண்ணி அனுப்பியாச்சு. காலையில வந்திருந்தியன்னா நானே வேண்டாம்னு சொல்லியிருப்பேன் ஐயா. இப்ப எப்படித் திருப்பிக் கூட்டிட்டுப் போக? ஜெபத்தைத் திரும்ப வாங்கிக்கிட முடியுமா?"

வேறு யாருக்காவது இது சின்னக் காரணமாகத் தோன்றலாம். எனக்குத் தோன்றவில்லை. சபை எழுந்து நின்று அனுப்பிய பிள்ளை அன்று சாயங்காலமே வீட்டு வாசலில் வந்து நின்றால் எங்கள் ஊர்களில் என்ன பேசுவார்கள் என்று எனக்குத் தெரியும். சட்டைப் பையில் தீர்மானம் இருந்தது. அதில் ஒரு சொல்கூடப் பிழை கிடையாது. வெளியே எடுக்கவில்லை.

மணி அடித்தார்கள். பையன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டான்: "அப்ப, நாங்க ஒரு சுத்து ஜெயிச்ச கணக்குத்தானே ஐயா?"

"ஆமா. ஜெயிச்ச கணக்குத்தான்."

"அப்பா, நாங்க ஒரு சுத்து ஜெயிச்சிருக்கோம்" என்று உள்ளே திரும்பிச் சொன்னான். உபதேசியார் தலையசைத்தார். வண்டி நகர்ந்தது. வாத்தியார் பிளாட்பாரத்தின் கோடிவரை கூடவே நடந்துபோனார்.

மறு ஆட்டம் நடந்தது. மேற்கத்திப் பையன்கள் வந்தார்கள். மைதானத்தின் விஸ்தாரத்தைப் பார்த்துக் கொஞ்சம் மிரண்டார்கள். ஆறு கோல் வாங்கிக்கொண்டு போனார்கள். ஒரு தடவைகூட எதிர்க் கோல் பக்கம் பந்து போகவில்லை. அன்று நான் நாற்காலிமேல் ஏறவில்லை.

அடுத்த வருஷம் சீட்டு எடுக்கும் நாளில் வாத்தியார் மறுபடி வந்தார். நான் செம்புக்குள் கையை விட்டிருந்தபோது பக்கத்தில் வந்து குனிந்து, "ஆசீர்வாதம் போயிட்டான் ஐயா" என்றார். எங்கே என்று கேட்டேன். அவ்வளவு மந்தம். "மலைக்காய்ச்சல். அங்கனயே அடக்கம் பண்ணிட்டாவளாம். உபதேசியாருக்கு எழுதிப் போட்டிருக்காவ." என் கை செம்புக்குள்ளேயே இருந்தது. அவர்தான் கடைசியில், "சீட்டை எடுங்க ஐயா. பையனுவ வெளிய காத்துக்கிட்டு நிக்கானுவ" என்றார்.

எடுத்தேன். வேறென்ன செய்வது?

நமது விதிப்புத்தகத்தில் 'பை' என்ற சொல் 'பை' என்றே இருப்பதையும், அதன்கீழ், 'பை கிடைத்த அணி தோற்ற அணி அல்ல. விலக்கப்பட்ட அணியும் அல்ல. இரண்டாம் சுற்றுக்கு அது கட்டாயம் வந்து ஆட வேண்டும்' என்று ஒரு வளவள வாக்கியம் இருப்பதையும் பார்த்திருப்பீர்கள். உங்களில் இரண்டு பேர் அதை வாசித்துச் சிரித்ததாகக் கேள்விப்பட்டேன். தாராளமாகச் சிரியுங்கள், எடுத்துவிடாதீர்கள். ஒன்றை நன்றாக எழுதிவிட்டோம் என்று மனம் குளிர்கிறபோது, அதை ஒன்றும் அறியாத ஒருவரிடம் கொடுத்து, "இதை வாசித்துவிட்டு என்ன செய்வீர்கள்?" என்று கேளுங்கள். "புரிகிறதா?" என்று கேட்காதீர்கள். எல்லோரும் புரிகிறது என்றுதான் சொல்வார்கள். உண்மையில் புரிந்தும் இருக்கும்; அதுதான் ஆபத்து.

இன்னொன்று. எவனாவது ரயில் ஏறப்போகிறான் என்றால் முதலில் ரயிலடிக்குப் போங்கள். தீர்மானம் காத்திருக்கும். அதற்கு வேறு ஜோலி இல்லை.

அதன் பிறகு எத்தனையோ போட்டிகள் நடத்தினேன். நல்ல ஆட்டக்காரர்கள் வந்துபோனார்கள். ஒவ்வொருவரையும் பார்க்கும்போது ஆசீர்வாதம் இதைவிட நன்றாக ஆடியிருப்பான் என்று தோன்றும். அவன் ஆடி நான் பார்த்ததில்லை. ஆகவே அவன் ஆட்டத்தில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. வருஷத்துக்கு வருஷம் அவன் வேகம் கூடிக்கொண்டே போயிற்று. இடது காலாலும் அடிக்கத் தொடங்கினான். போன மாதம் எனக்கு நடந்த பிரிவுபசாரத்தில் இந்தக் கதையைச் சொல்லி, "தென்னாட்டின் தலைசிறந்த ஆட்டக்காரன் ஒருவனை ஒரே சொல்லால் கொன்றவன் நான்" என்று முடித்தேன். பலர் கண்ணைத் துடைத்தார்கள். நானும் துடைத்தேன்.

சிற்றுண்டி முடிந்து கை கழுவப் போன இடத்தில் ஒருவர் பக்கத்தில் வந்து நின்றார். அம்பாசமுத்திரத்தில் குமாஸ்தாவாக இருக்கிறார். அந்த வருஷத்து மேற்கத்தி அணியில் ஆடியவராம்.

"ஐயா, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கிடக் கூடாது."

"சொல்லும்."

"ஆசீர்வாதம் தங்கமான பையன் ஐயா. அவனை நெனைச்சா இன்னைக்கும் எனக்குச் சோறு இறங்காது. ஆனா பந்து அவன் காலுக்கு வந்துட்டா நாங்க பத்துப் பேரும் கண்ணை மூடிக்கிடுவோம்."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. "பின்னே அவன் எப்படிக் காப்டன் ஆனான்?" என்று கேட்டேன்.

அவர் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே, "பந்து அவனுதுல்லா ஐயா" என்றார்.